மரக்கானாவும் ஒரு பந்துக்காப்பாளரும்

உலகக் கிண்ண உதைபந்தாட்ட வரலாற்றிலே, இறுதியாட்டம் என ஒன்று வகுக்கப்படாத சுற்றுப்போட்டி ஒன்றேயொன்றுதான் உண்டு. அது 1950இல் பிரேஸில் நாட்டில் நடைபெற்றது. எஞ்சி நின்ற நான்கு அணிகளும் ஒன்றோடொன்று மோதி, புள்ளிகளின்படி வெற்றியாளரைத் தீர்மானிப்பதென்பது ஏற்பாடு. ஆயினும் அவ்வாண்டு ஜூலை 16ஆந் திகதி, றியோ டி ஜெனெய்ரோ நகரின் மரக்கானா அரங்கிலே பிரேஸிலும் உருகுவேயும் ஆடிய கடைசி ஆட்டம், முறையான இறுதியாட்டங்கள் பலவற்றையும் விஞ்சி நினைவில் நிற்கின்றது.

இலக்கிய நிகழ்ச்சியிலே பந்தாட்டத்துக்கு என்ன அலுவல் என்று நேயர்கள் கேட்கக்கூடும். நான் விளையாட்டு விற்பன்னன் அல்லன், தமிழ் படிப்பிப்பவன். தோற்றவனை ஒரு சமுதாயம் எவ்வாறு நினைவில் வைத்திருக்கிறது என்பது இலக்கியத்தின் அலுவலுந்தான் என்பதாலேயே இதனை எடுத்துக்கொண்டேன்.

பிரேஸில் சுவீடனை 7–1 என்றும், ஸ்பெயினை 6–1 என்றும் வென்றிருந்தது. உருகுவேயோ ஸ்பெயினுடன் 2–2 எனச் சமநிலை கண்டு, சுவீடனை 3–2 என அரும்பாடுபட்டு வென்றிருந்தது. ஆகவே அன்று பிரேஸிலுக்குச் சமநிலையே போதும். அன்று காலையிலேயே ஒரு பத்திரிகை பிரேஸில் அணியின் படத்தைப் போட்டு, இவர்களே உலக வெற்றியாளர் என்று எழுதிவிட்டது. ஆட்டம் தொடங்குமுன் நகர முதல்வர் ஒலிபெருக்கியிலே வீரர்களை வெற்றியாளர்களாகவே விளித்துப் பேசினார். உலக உதைபந்தாட்டச் சம்மேளனத் தலைவர் ஜூல்ஸ் றிமேயின் சட்டைப் பையில் போர்த்துக்கேய மொழியில் வாழ்த்துரை ஆயத்தமாக இருந்தது. அனுமதிச் சீட்டுடன் வந்தோர் மாத்திரம் 173,850 பேர். வரலாறு நடக்குமுன்னரே எழுதி முடிக்கப்பட்டிருந்தது எனலாம்.

இடைவேளைக்குப் பின் இரண்டாம் நிமிடத்திலேயே பிரேஸிலின் ஃபிரியாசா கோல் ஒன்றைப் போட்டார். அரங்கு அதிர்ந்தது. அப்பொழுது உருகுவே அணித்தலைவர் ஒப்டூலியோ வரேலா செய்ததை நான் மிகவும் இரசிப்பவன். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அவசரமேயில்லாமல் நடந்து போய், ஆங்கிலேய மத்தியஸ்தரான ஜோர்ஜ் றீடரிடம் அது 'ஓஃப்சைட்' என்று வாதாடத் தொடங்கினார். ஒருவருக்கு மற்றவர் மொழி விளங்காது. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றார். கோலை மாற்றமாட்டார்கள் என்பது வரேலாவுக்குத் தெரியும். கூட்டத்தின் சூட்டைத் தணிப்பதே அவருடைய நோக்கம். தணிந்தது.

66ஆம் நிமிடத்தில் உருகுவேயின் அல்சிடெஸ் கிஜ்ஜா வலப்புறமாக ஓடி, பந்தை நடுவே அனுப்ப, ஷியாஃபீனோ அதனைக் கோலாக்கினார். 79ஆம் நிமிடத்தில் அதே கிஜ்ஜா அதே வழியாக மீண்டும் ஓடிவந்தார். பிரேஸிலின் பந்துக்காப்பாளர் மொஆசிர் பார்போசா, முன்னர் நடந்ததை மனத்திற்கொண்டு, பந்து மறுபடியும் நடுவேதான் வரும் எனக் கணித்து ஓரடி விலகினார். கம்பத்துக்கும் அவருக்கும் இடையில் உண்டான சிறு இடைவெளியூடாகக் கிஜ்ஜா பந்தை உதைத்துவிட்டார். 2–1. அத்தனை பெரிய அரங்கு வாயடைத்துப் போயிற்று. வெகுதொலைவில் வானொலி கேட்டுக்கொண்டிருந்த ஒரு வீட்டிலே, தந்தை அழுவதைக் கண்ட ஒன்பது வயதுச் சிறுவன், நான் வென்று தருகிறேன் என்று தேற்றினானாம். அவன்தான் பின்னர் பெலே ஆனான்.

பார்போசா செய்தது என்ன? முதலாவது கோலிலிருந்து பாடம் படித்தார். அதுவே அவருக்கு வினையாயிற்று. நாடகாசிரியர் நெல்சன் றொட்ரிகஸ் அத்தோல்வியைப் பிரேஸிலின் ஹிரோஷிமா என்றே வருணித்தார். என் செவிக்கு அது மிகையாகவே படுகிறது. ஆனால் அத்தகைய துயருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அணியின் வெண்ணிறச் சட்டையே இராசியற்றதென்று கைவிடப்பட்டு, 1953இல் பத்திரிகையொன்று நடத்திய போட்டியின் மூலம் இன்றைய மஞ்சட் சட்டை பிறந்தது. சட்டையை மாற்றலாம், தோலை மாற்ற முடியுமா? பழி முக்கியமாகச் சுமத்தப்பட்ட பார்போசா, பிகோடே, ஜுவெனால் ஆகிய மூவரும் கறுப்பினத்தவர். இதனைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கறுப்பினத்தவர் ஒருவர் மீண்டும் உலகக் கிண்ணத்தில் பிரேஸிலின் முதன்மைப் பந்துக்காப்பாளராக நிற்க 2006ஆம் ஆண்டு வரை, டிடா வரும் வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று.

பார்போசா பிற்காலத்தில் ஒரு கடையில் நின்றபோது, தாயொருத்தி தன் மகனுக்கு அவரைக் காட்டி, நாடு முழுவதையும் அழவைத்தவர் இவர்தான் என்று சொன்னாளாம். அக்காலத்தில் தமது நாட்டுச் சட்டத்திலே அதிகூடிய சிறைத்தண்டனை முப்பதாண்டுகளாகத்தான் இருந்தது. தாமோ அதற்கும் மேலாக அனுபவித்துவிட்டதாக அவர் கூறிவந்தார். 2000ஆம் ஆண்டு ஏப்பிரலில், 79ஆவது வயதில், வறுமையிலே காலமானார்.

புறநானூறு படிப்பிக்கும்போதெல்லாம் வெண்ணிக் குயத்தியாரிடத்தில் நான் சற்றுத் தரித்து நிற்பதுண்டு. வெண்ணிப் போரிலே வென்ற கரிகாலனை நேரே விளித்து, தோற்று வடக்கிருந்த சேரனல்லவா உன்னிலும் நல்லவன் என்று கேட்டவர் அப்புலவர். மரக்கானாவில் அப்படிப் பாட ஒரு புலவர் இருக்கவில்லை. ஆனால் வென்ற அணித்தலைவனே அந்த வேலையைச் செய்திருக்கிறான்.

உருகுவே எழுத்தாளர் எடுவார்டோ கலியானோ இதனைப் பதிவுசெய்துள்ளார். அன்றிரவு வரேலா தம் அணியாரின் கொண்டாட்டத்தை விட்டுத் தனியே வெளியேறி, றியோவின் மதுச்சாலைகளில் ஒன்று மாறி ஒன்றாக, தோற்ற ஊரவரின் தோளிலே கைபோட்டபடி விடியும்வரை குடித்துக்கொண்டிருந்தாராம். நாடு திரும்பியபோது வரவேற்கத் திரண்டிருந்த கூட்டத்தின் கண்ணிற் படாமல், மழையங்கியின் கழுத்துப்பட்டியை உயர்த்திவிட்டுக்கொண்டு நழுவிவிட்டார். பரிசாகக் கிடைத்த பணத்துக்கு 1931ஆம் ஆண்டுப் பழைய ஃபோர்ட் கார் ஒன்றுதான் வாங்க முடிந்தது. அந்தக் காரையும் அதே வாரத்தில் எவனோ களவாடிக்கொண்டு போய்விட்டான்.