கழங்கு, கழஞ்சு, கல்லாங்காய்

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டன. அந்தக் கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறையை உடைத்து அரைத்தால் சுமார் 3 கிராம் தங்கம் கிடைத்தது. பழைய தமிழ் நிறையில் சொன்னால் ஒரு கழஞ்சுகூடத் தேறவில்லை. கழஞ்சு ஏறக்குறைய 5.2 கிராம். முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த பொன்னை 'ஆடவல்லான்' என்று பெயரிட்ட எடைக்கல்லால் நிறுத்து, கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்றுதான் கல்லில் வெட்டி வைத்தார்கள். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. மூன்றுமே விதைகளின் பெயர்கள். "வீட்டில் குந்துமணித் தங்கம்கூட இல்லை" என்று இன்றும் சொல்கிறோமே, அந்தக் குந்துமணி இந்தக் குன்றிதான்.

இவற்றில் கழஞ்சின் கதை எனக்குத் தனியாகப் பிடித்தது. கழற்கொடி என்ற முட்கொடியில் முள் மூடிய காய் காய்க்கும். உள்ளே சாம்பல் நிறத்தில், கோலிக்குண்டு போல உருண்டு, பல்லுக்கு மசியாத விதை ஒன்றோ இரண்டோ இருக்கும். அதுதான் கழற்சிக்காய். தட்டானின் தராசில் ஏறியபோது அது கழஞ்சு ஆயிற்று. வீசிப் பிடித்து ஆடும் பெண்பிள்ளைகளின் உள்ளங்கையில் ஏறியபோது கழங்கு ஆயிற்று. முருகன் பூசாரியான வேலன் அதையே உருட்டிக் குறி சொன்னான். தொல்காப்பியமே கழங்கைக் குறிபார்க்கும் வழிகளில் ஒன்றாக வைத்துப் பேசுகிறது.

பொன்னும் ஆட்டமும் ஒரே இடத்தில் சந்திப்பதைச் சங்கப் பாடல்களில் பார்க்கலாம். புறநானூற்றின் 36ஆம் பாட்டில், கருவூரை முற்றுகையிட்ட சோழன் கிள்ளிவளவனிடம் புலவர் ஆலத்தூர் கிழார் பேசுகிறார். அங்கே ஆன்பொருநை ஆற்றின் வெண்மணலில் பெண்கள் கழங்காடுகிறார்கள். அந்தக் கழங்கு பொன்னால் செய்தது. பெரும்பாணாற்றுப்படையின் துறைமுகப் பட்டினத்திலும் பொற்கழங்குதான். விதையை வைத்துப் பொன்னை நிறுத்தவர்கள், பொன்னைக் கொண்டு விதையைப் போலச் செய்து விளையாடியிருக்கிறார்கள்.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் ஊர் தங்கவயல். இந்த விதையைத் தெலுங்கில் கச்சகாய என்பார்கள். ஆட்டத்துக்கும் அதே பெயர் உண்டு. கன்னடத்தில் கஜ்ஜுக. மலையாளத்தில் கொடி கழஞ்சி, நிறை கழஞ்சு. இவையெல்லாம் தமிழ்க் கழற்சியோடு ஒரே வேரில் கிளைத்தவை என்றே கொள்கிறேன். வடமொழி மட்டும் தனி வழியில் போய், இதைக் குபேராட்சி, அதாவது குபேரனின் கண் என்றது.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கத்தைக் கையில் எடுத்தபிறகு வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்து தொழிலாளர் லைன் வீடுகளில் குடியேறினார்கள். அவர்கள் விட்டு வந்த ஊர்ப்பக்கத்தில் கழங்கு என்ற சொல் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. தென் மாவட்டங்களில் கழச்சி என்று அது ஒட்டிக்கொண்டிருக்க, மதுரைப் பக்கம் தட்டாங்கல், சொட்டாங்கல் ஆயிற்று. வடக்கே அஞ்சாங்கல், கல்லாங்காய். விதை கிடைக்காத இடத்தில் கூழாங்கல் கிடைத்தது, பெயரும் கல்லுக்கு மாறியது.

ஆனால் கல்லாங்காயில் 'காய்' ஏன்? கல் எப்படிக் காய் ஆகும்? விதையைக் கல் வெளியேற்றியபிறகும் விதையின் பெயர் வெளியேறவில்லை என்பதே என் முடிவு. தாயத்திலும் சதுரங்கத்திலும் நகர்த்துவதைக் காய் என்கிறோம். தாயத்தில் வீடு சேர்ந்த காய் 'பழம்' ஆகிறது. கல்லாங்காயிலோ ஒண்ணான், ரெண்டான், மூணான், நாலான் என்று ஒரு கல்லை மேலே வீசி, அது இறங்குவதற்குள் கீழே கிடப்பதை அள்ள வேண்டும். பக்கத்துக் கல் அலுங்கினால் ஆட்டம் போச்சு. கடைசியில் ஐந்தையும் வீசிப் புறங்கையில் ஏந்தி, மறுபடி தூக்கிப்போட்டுப் பிடித்தால் அங்கேயும் பழம்தான். காய்த்துப் பழுக்கும் கொடியின் பேச்சு கல்லாட்டத்துக்குள் அப்படியே இருக்கிறது.

ஆடும் பொருள் மாறினாலும் ஐந்து என்ற எண் நிலைப்பது வேறு நாடுகளிலும் நடந்திருக்கிறது. பண்டைக் கிரேக்கப் பெண்கள் ஆடியது பெந்தேலிதா, ஐந்து கல். துருக்கியில் பெஷ் தாஷ், அதுவும் ஐந்து கல். கிரேக்கர்கள் ஆட்டின் கணுக்கால் எலும்பையும் இப்படி வீசி ஆடினார்கள். அதே எலும்பை உருட்டிக் குறியும் பார்த்தார்கள். வேலனின் கழங்கை நினைத்தால் இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. கைக்கு அடங்குவதும் விழும் விதம் தெரியாததுமான பொருளை மனிதர்கள் எங்கும் இந்த இரண்டுக்கும் எடுத்திருக்கிறார்கள். கொரியாவின் கொங்கியும் ஐந்து காய்தான். 2024இல் 'ஸ்குவிட் கேம்' இரண்டாம் பருவத்தில் உலகமே அதைப் பார்த்தது.

கழற்சிக்காயை இன்று நாட்டு மருந்துக் கடையில் விரைவாதத்துக்கும் மாதவிடாய்க் கோளாறுக்கும் கேட்டு வாங்குகிறார்கள். தங்கவயல் இளையவர்கள் விடியற்காலை ரயிலில் பெங்களூர் வேலைக்குப் போய்விடுகிறார்கள். மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் லைன் வீடுகளில் இருக்கும், இந்த ஆட்டம் ஆடி வளர்ந்த ஆயாக்களிடம் யாராவது ஒரு நோட்டோடு உட்கார வேண்டும். ஐந்துக்கு மேல் எத்தனை கல் வரை ஆடினீர்கள், நாலானுக்குப் பிறகு வரும் ஒவ்வொரு பிடிக்கும் என்ன பெயர், தெலுங்குத் தோழி எந்தச் சொல்லைக் கொண்டுவந்தாள், அவளுக்கு நீங்கள் எதைக் கொடுத்தீர்கள் என்று கேட்டு எழுத வேண்டும்.