பூட்டிய வீடு பேசிற்று
ஆள் புழங்காத வீடு சீக்கிரம் பாழாகும் என்பார்கள். கலிபோர்னியாவின் பாயிண்ட் ரேயஸ் கரையிலிருந்த கே.பி.எச். வானொலி நிலையத்துக்கும் அந்தக் கதி நேர இருந்தது. சான் பிரான்சிஸ்கோ பாலஸ் ஹோட்டலில் பிறந்ததால் வந்த குறி, 'பி.எச்.' 1906 பூகம்பத்தில் ஹோட்டல் எரிந்தது, பெயர் எரியவில்லை. பசிபிக் கப்பல்களோடு மோர்ஸ் தந்தியில் பேசி வந்த நிலையம் 1997-இல் வாய் மூடிற்று. 1999 ஜூலை 12-இல் அமெரிக்காவின் வர்த்தக மோர்ஸே ஓய்ந்தது.

அந்த ஆண்டிலேயே சில தொண்டர்கள் கதவைத் திறந்தார்கள். கூலியில்லாமல் தூசி தட்டினார்கள், பழுது பார்த்தார்கள். பின்பு ஜூலை 12 வரும்போதெல்லாம் கே.பி.எச். மறுபடி பேசிற்று, கே6கே.பி.எச். என்ற குறியில் அமெச்சூர் வானொலிக்காரர்களோடும் உரையாடிற்று.

கப்பல்களுக்கு அது வேண்டாம்தான். ஆனால், இயந்திரத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம். கைப்பழக்கத்தை வைக்க முடியுமா?