பாறை இடுக்கில் தண்ணீர்

2001 செப்டம்பர் 25, இரவு எட்டரை மணி இருக்கும். மயிலாப்பூரில் எங்கள் இரண்டாம் மாடி வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். தட்டு லேசாக நகர்ந்தது, டம்ளரில் ரசம் தளும்பியது. என் மனைவி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். தெருவெல்லாம் ஜனம். புதுச்சேரிக்கு எதிரே கடலுக்கடியில் நிலநடுக்கம், அளவு சுமார் 5.5 என்று பிறகு தெரிந்தது.

அந்தக் கோடையில்தான் எங்கள் குடியிருப்பில் போர் போட்டிருந்தோம். கீழ் வீட்டுப் பெரியவர், "எல்லாம் நீங்கள் பூமியைத் துளைத்த வினை" என்றார். "தண்ணீருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது சார்" என்று சற்றுக் கோபமாகவே சொல்லிவிட்டேன்.

ஓய்வுபெற்ற பிறகு படித்தபோதுதான் கொய்னாவின் கதை முழுசாகத் தெரிந்தது. மகாராஷ்டிரத்தில் 103 மீட்டர் உயர அணை. 1962 வாக்கில் தண்ணீர் தேக்க ஆரம்பித்ததும் சின்னச் சின்ன நடுக்கங்கள் வந்தன. 1967 டிசம்பர் 11 விடியற்காலை, ஊர் தூங்கும் நேரத்தில், 6.3 அளவில் பெரிய நடுக்கம். 170 பேருக்கு மேல் மாண்டார்கள். அணை விரிசலோடு தப்பியது.

பாறை என்றால் ஒரே கட்டி என்று நினைக்கிறோம். பரங்கிமலைப் பக்கம் போர் போட்டவர்களைக் கேளுங்கள்: பாறையில் விரிசல் கிடைத்தால்தான் தண்ணீர். அந்த விரிசலில் அழுத்தத்தோடு நிற்கும் நீர் இரண்டு பக்கத்தையும் தள்ளிப் பிடியைத் தளர்த்துகிறது. ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் பாறை வழுக்கிவிடுகிறது. தண்ணீர் உண்டாக்குவதில்லை, தூண்டிவிடுகிறது.

பல கிலோமீட்டர் கீழே இருக்கும் நீர் எப்படித் தெரியும்? நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். புவாஸோன் என்ற கணித மேதையின் பெயரை வாத்தியார் சொன்னதும் வகுப்பே சிரித்தது. அந்தச் சொல்லுக்கு மீன் என்று பொருள். திடப்பொருளில் இருவகை அலை ஓடும் என்று 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கணக்குப் போட்டுக் காட்டியவர் அவர். முதல் அலை அழுத்தி விரித்துச் செல்லும், தண்ணீரிலும் போகும். இரண்டாவது பக்கவாட்டில் அசைத்துச் செல்லும், தண்ணீரில் போகாது. வறண்ட விரிசல் இரண்டையும் தாமதப்படுத்தும். அதில் நீர் நிறைந்தால் முதல் அலை இழந்த வேகத்தைப் பெருமளவு திரும்பப் பெறும், இரண்டாவதற்கு அந்த உதவி இல்லை. இரண்டின் வேகத்தையும் ஒப்பிட்டால், கீழே ஈரமா வறட்சியா என்று ஊகிக்கலாம். மீன் பெயர்க்காரர் தண்ணீரைக் காட்டிக் கொடுக்கிறார்!

கொய்னாவில் இன்றும் நடுக்கம் ஓயவில்லை. மழையில் அணை நிரம்பியபின் அது கூடுவதைக் கவனித்திருக்கிறார்கள். காரணத்தை அதன் இடத்திலேயே பார்க்க 3 கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையும் இறக்கினார்கள்.

எங்கள் போருக்கும் கடலடி நடுக்கத்துக்கும் சம்பந்தமில்லை, அதில் நான் சொன்னது சரி. ஆனால் "ஒரு சம்பந்தமும் கிடையாது" என்றேனே, அது தப்பு. பெரியவரிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் இதைப் படிப்பதற்குள் அவர் போய்விட்டார்.