பெருந்தோட்டக் குடும்பமும் மனநலமும்: மஸ்கெலியாவை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

மலையகத் தொழிலாளரின் மனநலம் பற்றிப் பேசுவோரிற் பலர் குடும்பத்திலே தொடங்கிக் குடும்பத்திலேயே முடித்துவிடுகின்றனர். தகப்பன் குடிக்கிறான், தாய் பிள்ளையைக் கவனிப்பதில்லை, மகனும் தகப்பன் வழியே செல்கிறான் என்பது அவர்தம் விளக்கம். இந்நிலை எவ்வாறு உண்டாயிற்று என்னும் வினாவை அவர்கள் எழுப்புவதில்லை. மஸ்கெலியாப் பகுதியை மனங்கொண்டு அவ்வினாவை ஈண்டு நோக்குவோம்.

கோப்பியை இலைநோய் அழித்தபின் தேயிலை பரவிய மலைப்பகுதிகளுள் மஸ்கெலியாவும் ஒன்று. தமிழகத்திலிருந்து ஆட்களைத் திரட்டிவந்த கங்காணி பெரும்பாலும் அவர்களின் ஊரையும் சாதியையும் சேர்ந்தவன், பலருக்கு உறவினனுமாவான். மாமன், பெரியப்பன் என்று அழைக்கப்பட்டவனே கடன் கொடுத்தவனாகவும் வேலை வாங்குபவனாகவும் விளங்கினான். வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் தலைமைக் கங்காணிக்குத் தனிக்காசு கிடைத்தமையால், நோயுற்றவனையும் பிரட்டுக்கு அனுப்புவது அவனுக்கு இலாபமாயிற்று. துண்டு முறை 1921இல் ஒழிக்கப்படும்வரை, துண்டிற் குறித்த கடனை மற்றொரு தோட்டம் பொறுப்பேற்றாலன்றித் தொழிலாளி இடம்மாற இயலாதிருந்தது. அதிகாரம் உறவுப்பெயர் பூண்டு நின்றபோது, எதிர்த்துப் பேசுதல் உறவை முறித்தலாகக் கருதப்பட்டது. அடக்கமும் மௌனமும் குடும்ப ஒழுக்கங்களாயின. எனினும், பசியிலும் நோயிலும் அம்மக்களைத் தாங்கியதும் இவ்வுறவே என்பதை மறுத்தற்கில்லை.

துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் முன் பகலெல்லாம் பணிந்துநின்ற ஆணுக்கு, அதிகாரஞ் செலுத்த எஞ்சியிருந்த இடம் லயத்துக் காம்பரா ஒன்றே. மனைவியின் சம்பளத்தைக் கணவனிடமோ தகப்பனிடமோ கொடுக்கும் வழக்கம் பல தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியது. சம நாட்சம்பளமே 1984இல் தான் கிட்டியது. கொழுந்து பறித்து மீண்ட பெண்ணுக்கு அடுப்பும் தண்ணீரும் விறகும் காத்திருந்தன. அவளது சுமையிற் பங்கேற்க மூத்த மகள் பள்ளியை விட்டு நின்றாள். தம்பி தங்கையருக்குத் தாயாகிய அவள் தன் பிள்ளைப்பருவத்தை இழந்தாள். குடியைக் கண்டிப்போர், சாராயக் குத்தகை குடியேற்ற அரசின் வருவாய்களுள் ஒன்றாயிருந்தமையையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

இவ்வாறமைந்த குடும்பத்தின் மீதே அரசியலின் அடியும் விழுந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அண்ணன் இந்தியக் கடவுச்சீட்டும் தம்பி இலங்கைப் பிரஜாவுரிமையும் பெற்ற குடும்பங்கள் உண்டு. தலைமன்னாரை நோக்கிச் சென்ற புகைவண்டியை மலையக மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். 1984இல் கப்பற் போக்குவரத்தும் நின்றது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு உரிமை வழங்கிய சட்டம் 2003இல் தான் வந்தது. 1948இற் பிறந்த பிள்ளைக்கு அப்போது வயது 55. பேரப்பிள்ளைகளையும் கண்டிருக்கக்கூடிய வயது அது.

இதற்கிடையில், 1969இல் மவுசாகலை நீர்த்தேக்கத்தில் பழைய மஸ்கெலியா நகர் மூழ்கியது. நீர் வற்றுங்காலத்தில் அங்கிருந்த வழிபாட்டிடங்கள் வெளிப்படுகின்றன. குடும்பங்களுக்குள் மூழ்கியவற்றுக்கு இத்தகைய கட்புலச் சான்று இல்லை. பிரிந்த அண்ணனைப் பற்றித் தகப்பன் பேசுவதில்லை. அவனது சினத்தை மட்டுமே பிள்ளை அறிகின்றது. காரணம் மறைய, அச்சம் மட்டும் அடுத்த தலைமுறையைச் சேர்கின்றது.

அல்ஜீரியரின் வன்முறை அவர்தம் பிறவிக்குணம் என்று பிரெஞ்சு மனநோய் மருத்துவர் சிலர் கூறியபோது, பிளிடா மருத்துவமனையிற் பணியாற்றிய பிரான்ஸ் பனோன் அதனை மறுத்து, குடியேற்ற ஆட்சியின் ஒடுக்குமுறையிலே அதன் வேரைக் கண்டார். ‘தோட்டத்தானின் குணம்’ என நம்மிடையே வழங்கும் பேச்சுக்கும் அம்மறுப்புப் பொருந்தும்.

இன்று தாய்மார் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் வீட்டுவேலைக்குச் செல்ல, அப்பாயிமாரும் அம்மாயிமாரும் பிள்ளைகளை வளர்க்கின்றனர். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய பெண்கள் வெளிநாட்டு வீட்டுப்பணிக்குச் செல்வதை 2013இல் அரசு தடுத்தது. 2022இல் அவ்வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. தகப்பன்மாருக்கு இத்தகைய தடை விதிக்கப்படவில்லை. வறுமையின் பழியைத் தாயின் தலையிற் சுமத்தும் பழைய வழக்கத்தின் தொடர்ச்சியாகவே இதனைக் கொள்ளலாம்.

வரலாறு காரணமாயிருத்தல், மனைவியை அடிப்பவனின் பொறுப்பைக் குறைத்துவிடாது. ஆயினும் அவனைத் திருத்துவதோடு நம் பணி முடிந்துவிடுவதில்லை. தமிழிற் பேசும் மனநலப் பணியாளர் தோட்டங்களுக்குச் செல்லவேண்டும். அவர்கள் நோயாளியின் குடும்பக் கதையோடு தோட்டத்தின் கதையையும் கேட்டறிதல் வேண்டும். லயத்துக்கு வெளியே சொந்தக் காணியும் வீடும், பெண்ணின் உழைப்புக்கு அவள் கையிலேயே ஊதியமும், மூத்த மகளுக்குத் தடையற்ற கல்வியும் மனநல மருத்துவத்தின் பகுதிகளாகவே கருதப்படல் வேண்டும் என்பது நம் துணிபு.