இரண்டு முறை உதித்த சூரியன்

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து இலங்கைக்கு எவ்வளவு தூரம்? மேப்பை விரித்து, ஸ்கேலை வைத்துப் பார்த்தாலே சொல்லிவிடலாம். சுமார் 5,600 கிலோமீட்டர். சரி, விமானத்தில் எவ்வளவு நேரமாகும்? அதற்கு மேப் மட்டும் போதாது. நடுவில் யார் துப்பாக்கியோடு காத்திருக்கிறார்கள் என்பதும் தெரிய வேண்டும்!

1942 பிப்ரவரி 15. சிங்கப்பூர் ஜப்பானியர் வசம் வீழ்ந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து பிரிட்டனுக்குப் போகும் ஆகாய மார்க்கம் சிங்கப்பூர் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கத்தரிக்கோலால் நறுக்கியது மாதிரி அது அறுந்துபோனது. சுமத்ரா, ஜாவா, அந்தமான் என்று அடுத்தடுத்து எல்லாமே ஜப்பான் கைக்குப் போயின.

என்ன செய்வது? வழியில் எங்குமே இறங்காமல், இந்து மகாசமுத்திரத்தை ஒரே மூச்சில் தாண்டிவிட்டால்?

1943-ல் குவான்டாஸ் நிறுவனம் அதைத்தான் செய்தது. புறப்படும் இடம், பெர்த்தின் ஸ்வான் ஆறு. போய்ச் சேரும் இடம், இலங்கையின் தென்கோடியில், காலிக்குப் பக்கத்தில் இருக்கும் கொக்கல ஏரி. ஓடுபாதையே கிடையாது. தண்ணீரில் இறங்கி, தண்ணீரிலிருந்தே கிளம்பும் 'கேட்டலினா' ரக விமானங்கள். மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர்தான் வேகம். நம்ம ஊர் எக்ஸ்பிரஸ் ரயிலைவிடக் கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். 28 மணி நேரம்! எதிர்க்காற்று வீசினால் 30-ஐயும் தாண்டும். அதிகபட்சமாக ஒரு பயணம் 32 மணி 9 நிமிடம் நீடித்தது.

அவ்வளவு நேரம் பறக்க எரிபொருள் வேண்டுமே? விமானத்துக்குள் கூடுதல் டாங்குகளை அடைத்தார்கள். விளைவு, மூன்றே மூன்று பயணிகளுக்கும் 69 கிலோ தபாலுக்கும்தான் இடம். கிளம்பிய முதல் சில மணி நேரத்தில் ஒரு இன்ஜின் நின்றாலும் கதை முடிந்தது. அந்த பாரத்தை மிச்சமிருக்கும் ஒற்றை இன்ஜினால் தாங்க முடியாது.

விமானத்தில் ஆயுதம் கிடையாது. ரேடியோவிலும் வாயைத் திறக்க முடியாது. சத்தம் வந்தால் எதிரி இடத்தைக் கண்டுபிடித்துவிடுவான். ஆகவே, ஜப்பானிய விமானங்கள் ரோந்து சுற்றும் பகுதியை இருட்டில் கடப்பது மாதிரி புறப்படும் நேரத்தைத் தீர்மானித்தார்கள். வழி சொன்னவை நட்சத்திரங்கள். அந்த ஐந்து விமானங்களுக்கும் ரைகல், ஆல்டேர், வேகா, அன்டாரஸ், ஸ்பைகா என்று நட்சத்திரங்களின் பெயரையே சூட்டியிருந்தார்கள்!

ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயம். பயணிகளுக்கு, 'இரட்டைச் சூரிய உதயத்தின் ரகசியச் சங்கம்' என்ற பெயரில் ஒரு சான்றிதழே கொடுத்தார்கள்.

மூன்று பேருக்காகவும் ஒரு மூட்டைத் தபாலுக்காகவும் இவ்வளவு பெரிய ரிஸ்க்கா என்று தோன்றலாம். ஆனால் அந்த மூவர் போரை நடத்துவதற்குத் தேவைப்பட்டவர்கள். அந்த மூட்டையில் இருந்தவை அரசாங்கத்தின் அவசரக் காகிதங்களும், போர்முனைக் கடிதங்களும். கப்பலில் போனால் வாரக்கணக்கில் ஆகும். அது போய்ச் சேருமா என்பதற்கும் உத்தரவாதமில்லை.

1945 ஜூலை வரை 271 முறை இந்தக் கடலைத் தாண்டினார்கள். ஒரு விமானம்கூடத் தொலையவில்லை. அமெரிக்கா போர்க்கால உதவியாகக் கொடுத்த அந்த விமானங்களை, போர் முடிந்ததும் ஒப்பந்தப்படி கடலில் மூழ்கடித்துவிட்டார்கள். எதிரியால் தொட முடியாதவற்றுக்கு அப்படி ஒரு முடிவு!

2018 மார்ச்சில் அதே குவான்டாஸ், பெர்த்திலிருந்து லண்டனுக்கே நேரடி விமானம் விட்டது. தூரம் சுமார் 14,500 கிலோமீட்டர். நேரம், 17 மணிச் சொச்சம்தான். வழியில் ஒரு சூரிய உதயத்துக்கு மேல் பார்க்க வழியில்லை.