அத்தாப்பும் ஓடும் தகரமும்

மலேசியத் தமிழர் வாழ்வில் ‘தகரம்’ என்னும் சொல்லுக்குத் தனி இடம் உண்டு. லயத்து வீட்டின் கூரை தகரம். தோட்டத்துப் பள்ளியின் கூரையும் தகரம். ஆயின், தகரம் என்பது வெள்ளீயத்தின் பெயர். கூரைத் தகட்டிலோ வெள்ளீயம் இல்லை. உள்ளே இருப்பது இரும்பு. மேலே பூசப்பட்டது துத்தநாகம். மலாய் மக்கள் அதனைச் ‘ஜிங்க்’ என்று வழங்குவது பொருளுக்கு நெருக்கமானது. உலகிற்கு வெள்ளீயம் தோண்டிக் கொடுத்த கிள்ளான் பள்ளத்தாக்கில், வெள்ளீயம் இல்லாத ஒரு தகடு அப்பெயர் பூண்டு வீடுகளின்மேல் ஏறியது எவ்வாறு? அத்தகடு இம்மண்ணின் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்றதுதானா? இவ்விரு வினாக்களும் ஆராயத்தக்கவை.

இவ்வட்டாரத்தின் பழங்கூரை அத்தாப்பே. மலாய் மொழியில் அச்சொல்லுக்குக் கூரை என்பதே பொருள். தமிழர் வழக்கிலோ அது ஓலை வேய்ந்த கூரையை மட்டும் குறிக்கலாயிற்று. கரையோரச் சதுப்புகளில் வளரும் நீப்பா என்னும் பனையின் ஓலையை மடித்துத் தைத்து, வரிசை வரிசையாக அடுக்கி வேய்வர். பனையோலைக் குடிசையிலும் தென்னங்கீற்றுக் குடிசையிலும் வாழ்ந்து வந்த தமிழருக்கு அது புதிதன்று. ஓலை வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. மழையின் ஓசையையும் அடக்கும். அதன் குறைகள் இரண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாக வேய வேண்டும். தீப்பட்டால் தெருவே எரியும்.

இரண்டாவது குறையைக் கோலாலம்பூர் 1881-ஆம் ஆண்டில் கண்டது. அவ்வாண்டு ஜனவரியில் எழுந்த தீ, மரமும் அத்தாப்புமாக இருந்த நகரை அழித்தது. டிசம்பரில் பெருவெள்ளம் எஞ்சியவற்றையும் சாய்த்தது. அடுத்த ஆண்டில் சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், நகரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் மீண்டும் கட்டச் செய்தார். அத்தேவையை ஒட்டிச் சீனர் தலைவர் யாப் ஆ லோய் நகருக்குத் தெற்கே செங்கற்சூளைகளை அமைத்தார். அவ்விடமே பிரிக்பீல்ட்ஸ். ‘செங்கற்களம்’ என்பதே அப்பெயரின் பொருள். பின்னர் இரயில்வேயில் பணியாற்றிய தமிழ்நாட்டுத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் அங்கே குடியேறினர்.

ஓடு தீக்கு அஞ்சாது. வெயிலையும் ஓரளவு தாங்கும். ஆயினும் அது கனமானது. அதனைச் சுமக்க வலிய சட்டங்களும் உறுதியான சுவர்களும் வேண்டும். ஆகவே, நிலையாகக் கட்டுவோருக்கே ஓடு ஏற்றதாயிற்று. விரைவாகவும் குறைந்த செலவிலும் கட்ட நினைத்தோர் வேறொரு பொருளை நாடினர்.

அப்பொருள் இலண்டனில் பிறந்தது. 1829-இல் ஹென்றி ராபின்சன் பால்மர் என்னும் பொறியாளர், இரும்புத் தகட்டை அலையலையாக நெளிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு காகிதத்தை இரு முனையிலும் தாங்கினால் நடுவில் தொய்யும். விசிறிபோல் மடித்தால் நிமிர்ந்து நிற்கும். நெளிதகட்டின் வலிமையும் அத்தகையதே. மெல்லிய தகடு, குறைந்த சட்டங்களின்மேல் நிற்கும். கப்பலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இடமும் மிகுதியாக வேண்டாம். 1837-இல் பிரான்சில் சொரேல் என்பவர் இரும்பின்மேல் துத்தநாகம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதனால் துருவும் தடைப்பட்டது. கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தங்கம் தேடிச் சென்றோருக்கு உடனடியாகக் கூரை வேண்டியிருந்தது. அதனால் இத்தகட்டின் வாணிகம் பெருகியது.

கிள்ளான் பகுதியையும் கோலாலம்பூரையும் இணைத்த இரயில் பாதை 1886-இல் திறக்கப்பட்டது. வெள்ளீயம் அப்பாதையில் துறைமுகத்திற்கு இறங்கியது. மேலைநாட்டுச் சரக்குகள் ஏறி வந்தன. இங்கிருந்து சென்ற வெள்ளீயம் உணவு அடைக்கும் டப்பாக்களுக்கும் மேற்பூச்சாயிற்று. இந்நாட்டுக் கூரைக்கு வந்ததோ துத்தநாகம் பூசிய இரும்பு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளருக்கு லயங்கள் எழுந்தன. நிருவாகத்தின் கணக்கில் தகரத்திற்கு ஈடு இல்லை. தீ பிடிக்காது, அடிக்கடி மாற்ற வேண்டாம், நீண்ட கட்டடத்தைச் சில நாட்களில் மூடிவிடலாம். ஆனால், அக்கணக்கில் இடம்பெறாத செலவு ஒன்று உண்டு. உலோகம் வெப்பத்தை எளிதில் கடத்தும். உட்கூரை இல்லாத அறையில் நண்பகல் வெம்மை நேரே தலைமேல் இறங்கும். விடியுமுன் எழுந்து பால் மரம் சீவியவர், பிற்பகலில் அவ்வெம்மையிலேயே இளைப்பாற வேண்டியிருந்தது. கூரையைத் தேர்ந்தவர் ஒருவர். அதன் கீழ் வாழ்ந்தவர் வேறொருவர். தொழிலாளர் குடியிருப்பின் குறைந்த அளவு வசதிகளை வரையறுக்க 1966-இலும், பின்னர் 1990-இலும் தனிச் சட்டங்கள் இயற்றப்பட்டமை, இதனை அவரவர் விருப்பத்திற்கு விட்டுவிட இயலாது என்பதைக் காட்டும்.

கூரைத் தகட்டைத் தேர்வதில் ஒவ்வொரு நாட்டிற்கும் ஒரு கணக்கு உண்டு. பனி விழும் நாட்டில் பனியின் சுமையைத் தாங்கும் வலிமை வேண்டும். புயல் வீசும் கரையில் ஆணிகள் நெருக்கமாக அமைய வேண்டும். கோலாலம்பூரில் பனியும் இல்லை, பெரும்புயலும் இல்லை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை உண்டு; அதுவும் பல வேளைகளில் சிறிது நேரத்தில் கொட்டித் தீர்க்கும். சரிவு குறைந்த கூரையில் ஆழமற்ற நெளிவு நிரம்பி, தகடுகள் இணையும் இடத்தில் நீர் உட்புகும். ஆகவே அத்தகைய கூரைக்கு உயர்ந்த வரம்பும் அகன்ற வாய்க்காலும் உடைய தகடே தக்கது. பழைய நெளிதகட்டில் பள்ளத்தை விடுத்து முகட்டில் ஆணி அறைந்ததும் நீர் புகாமைக்கே.

கிள்ளான் கரையில் மற்றொரு பகை உப்புக்காற்று. துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பது. உப்புக்காற்றில் அது விரைவில் கரைந்துவிடும். 1972-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த கலப்புப் பூச்சில், எடையளவில் அலுமினியம் 55 விழுக்காடு, துத்தநாகம் 43.4 விழுக்காடு, சிலிக்கன் 1.6 விழுக்காடு. பொதுவாக அது பழைய பூச்சினும் நெடுநாள் உழைப்பது. இன்று மலேசியாவில் அவ்வகைத் தகடுகள் பரவலாக உள்ளன.

எனினும், தகட்டின் வடிவமும் பூச்சும் மழையையும் துருவையும் தடுக்கும். வெம்மையையும் ஓசையையும் அவை மட்டும் தடுக்கமாட்டா. அதற்கு உட்கூரையும், வெப்பம் தடுக்கும் விரிப்பும், காற்று வெளியேற வழியும் வேண்டும். வெறுந்தகரத்தின் கீழ் பாடம் நடத்திய தமிழாசிரியர் இதனை அறிவர். பிற்பகல் மழை பிடித்தால் ஆசிரியரின் குரல் முதல் வரிசையைத் தாண்டாது, பாடம் நின்றுவிடும். மாணவர் எழுத்து வேலைக்குத் திரும்புவர். மழை உள்ளே விழவில்லை. ஆகவே பொருள் வாங்கியவர் கணக்கில் கூரை நல்ல கூரையே. பாடம் கேட்க வேண்டிய மாணவர் கணக்கில் அது பாதிக் கூரை.

அத்தாப்பு தந்த குளிர்ச்சி, ஓடு தந்த காப்பு, தகரம் தந்த எளிமை ஆகிய மூன்றையும் ஒருங்கே அளிக்கும் கூரையே இம்மண்ணுக்கு உரியது. அதனை அமைக்கும் அறிவு இன்று உண்டு. கூரையின் கீழ் வாழ்வோரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் மனமே எஞ்சிய தேவை.