மலையின் முதற்குடிகள்

1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மேட்டு நிலத்தைக் கண்டு குறித்தார். மலைக்கு அவர் பெயரே நிலைத்தது. வழிவழியாக அங்கு வாழ்ந்த செமாய் மக்களுக்கோ, அடிமை என்னும் பொருள் தொனிக்கும் 'சக்காய்' என்ற இழிபெயரே வழங்கிற்று.

1896இல் பகாங் கூட்டு மலாய் நாடுகளுள் ஒன்றாயிற்று. 1929இல் போ தேயிலைத் தோட்டம் தோன்றியது. நம்மவரும் காடழித்துச் செடி நட்டனர். நம் வியர்வையைப் பாடும் நாம், அக்காடு யாருடையது என்று கேட்டதுண்டோ?

1948இல் அவசரநிலை வந்தது. பூர்வகுடிகள் பலர் முள்வேலிக் குடியேற்றங்களில் அடைக்கப்பட்டு நோயுற்று மாண்டனர். 1954ஆம் ஆண்டுச் சட்டம் காவல் செய்ய வந்ததே. ஆயினும் ஒதுக்கிய நிலத்திலும் அவர்களை, அரசு வேண்டும்போது எழுப்பிவிடத்தக்க குடிவாரதாரராகவே வைத்தது. வழக்காற்று நிலவுரிமையை உயர்நீதிமன்றம் ஏற்றது 2002இல், சாகோங் தாசி வழக்கில். வழக்காடியவர் சிலாங்கூர்த் தெமுவான் மக்கள். அவர்கள் நிலம் விமான நிலைய நெடுஞ்சாலைக்காக எடுக்கப்பட்டிருந்தது.